எனக்கு நானே போட்ட நாலு மார்க்

1

முதலில் மன்னிப்பு. எழுதுகிற அளவுக்கு நான் ஆளில்லை. உடுமலைப்பேட்டையில் பிளஸ் டூ முடித்தவள். கல்யாணத்துக்குப் பிறகு இருபத்து மூன்று வருஷமாக நான் எழுதியதெல்லாம் எங்கள் பேக்கரி டப்பாக்களில் ஒட்டுகிற சீட்டுதான்: 'உப்பு பிஸ்கட்', 'வெண்ணெய் பிஸ்கட்', 'நேற்றைய பன், பாதி விலை'. நாற்பத்தைந்து வயதில் கோலாலம்பூருக்கு வந்து கேக் செய்யப் படிக்கிறவளுக்கு ஊர்க்காரர்களிடம் சொல்ல என்ன இருக்கிறது என்று கேட்டால் நியாயம்தான். ஏதோ தோன்றியதைச் சுமாராக எழுதியிருக்கிறேன்.

இந்தப் பத்தியைப் பாக்கியம் அக்காவிடம் படித்துக் காட்டினேன். பிரிக்பீல்ட்ஸில் நான் குடியிருக்கும் அடுக்குமாடி வீட்டின் சொந்தக்காரர். அறுபத்திரண்டு வயது. ஆஸ்பத்திரி ஆபீஸில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். மரியாதைக்காகக் கூடக் குரலைத் தாழ்த்தாதவர்; இந்த ஊர் வழக்கப்படி பேச்சில் 'லா' சேர்ப்பவர்.

"மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா? இந்தச் சுமாராவாலதானே போன மாசம் உன்னப் பெட்டி கட்டி அனுப்பப் பாத்தாங்க? அடி லா அந்த லைன!"

அடிக்கவில்லை. அதை ஏன் அடிக்கச் சொன்னார் என்பதைத்தான் எழுதப் போகிறேன். நான் இங்கே வந்து இன்றோடு ஒரு வருஷம்.

2

எங்கள் பேக்கரிக்கு நேர் எதிரே கண்ணாடி வைத்த கேக் கடை ஒன்று வந்தது. உள்ளே ஏசி, வெளியே செல்ஃபி எடுக்க ஒரு நாற்காலி. எங்கள் தேங்காய் பன் வாங்க வருகிறவர்கள், பன்னை எங்களிடம் வாங்கிக்கொண்டு பிறந்தநாள் கேக்கை அங்கே வாங்கினார்கள். அதுவும் எங்கள் பையைக் கையில் வைத்துக்கொண்டே.

என் வீட்டுக்காரர் ஒரு மாதம் யோசித்தார். கடைசியில், யாராவது ஒருவர் முறையாகக் கேக் படித்துவிட்டு வந்தாக வேண்டும் என்றார். அவர் எட்டாவது. எங்கள் மாஸ்டர் அஞ்சாவது. பையன் கார்த்தி கோயம்புத்தூரில் இன்ஜினியரிங், மாவைத் தொடமாட்டான். வீட்டில் பிளஸ் டூ சர்டிபிகேட் உள்ள ஆள் நான் ஒருத்திதான். எனக்குக் கூச்ச சுபாவம். பஸ்ஸில் இறங்க வேண்டிய இடம் வந்தாலும் கண்டக்டரைக் கூப்பிடக் கூச்சப்பட்டு அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடந்து வருகிறவள். என்னைப் போய் விமானத்தில் ஏற்றினார்கள்.

ஒன்றரை வருஷப் படிப்பு. நான் கிளம்பிய வாரமே வீட்டுக்காரர் போர்டு எழுதக் கொடுத்துவிட்டார். 'மலேசியாவில் பயிற்சி பெற்றவர்களால் தயாரிக்கப்படும் கேக் வகைகள்.' போர்டு தயாராகி, பழைய வேட்டியில் சுற்றி, மைதா மூட்டைக்குப் பின்னால் நிற்கிறது. தெருவில் அதைப் பார்க்காதவர் இல்லை. பார்க்க வருகிறவர்களுக்கு வேட்டியை விலக்கிக் காட்டுகிறாராம்.

கோலாலம்பூரைப் பற்றி ஊரில் கேட்கிறார்கள். உயரமான கட்டடங்கள் இருக்கின்றன. அவற்றை நான் ரயிலிலிருந்து பார்த்திருக்கிறேன். அறை வாடகையைக் கேட்டபோது, ஒரு வருஷத்துக்கா என்று கேட்டேன். மாதத்துக்கு என்றார்கள். பங்சாரில் ஒரு கேக் கடை உண்டு. அங்கே ஒரு துண்டு கேக்கின் விலையில் உடுமலையில் ஒரு முழு கேக் வாங்கி, அதன் மேல் பெயர் எழுதி, மெழுகுவர்த்தியும் இலவசமாக வாங்கலாம். வாரத்துக்கு ஒரு முறை அந்தக் கண்ணாடி முன்னால் நின்று வெறுமனே பார்ப்பேன். கல்லூரியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற செஃப் அதை வீட்டுப்பாடமாகக் கொடுத்திருந்தார். உள்ளே போய்ச் சாப்பிட்டுப் பார்க்கச் சொல்லவில்லை, நல்லவேளை.

பாக்கியம் அக்கா கொடுத்திருப்பது முன்பு ஸ்டோர் ரூமாக இருந்த அறை. கட்டில் போட்டால் கதவு பாதிதான் திறக்கும். உடம்பு இளைக்க இது ஒரு நல்ல வழி என்பது அக்காவின் கருத்து. கேக் படிக்கிறவளுக்கு அதுவும் நடக்கவில்லை.

3

கல்லூரி செராஸில். ஏழரைக்கு வகுப்பு. நூற்றுக்கு எண்பது நாள் வகுப்பில் இருக்க வேண்டும், எல்லாப் பாடமும் பாஸ் ஆக வேண்டும். அப்போதுதான் இங்கே தங்கிப் படிக்க அனுமதிக்கிற ஸ்டூடண்ட் பாஸைப் புதுப்பிப்பார்கள். இல்லையென்றால் பெட்டி கட்ட வேண்டும். வந்த முதல் நாளே வெளிநாட்டு மாணவர் பிரிவு அதிகாரி இதைச் சொல்லிவிட்டார். சிரித்துக்கொண்டே சொன்னதால் எனக்குச் சாதாரண விஷயம் போலத் தெரிந்தது.

வகுப்பில் இருபது பேர். எனக்கு அடுத்த மூத்த மாணவருக்கு இருபத்துநாலு வயது. முதல் நாள் நான் உள்ளே போனதும் எல்லோரும் எழுந்து நின்றார்கள். என்னை டீச்சர் என்று நினைத்துவிட்டார்கள். நானும் கூச்சத்தில் உட்காரச் சொல்லிவிட்டேன். உட்கார்ந்தார்கள். பிறகு நான் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். அந்த அவமானம் ஆற ஒரு மாதம் ஆனது.

பக்கத்து மேசை ஷாமினி. பத்தொன்பது வயது, கிள்ளான் பெண், தினமும் அங்கிருந்து ரயிலில் வருகிறாள். நான் பேசுகிற தமிழ் அவளுக்கு டிவி சீரியல் மாதிரி இருக்கிறதாம். என்னை 'ஆன்டி' என்பாள். அவள் கையில் கத்தி இருக்கும் நேரத்தைவிட போன் இருக்கும் நேரம் அதிகம். கேக் செய்வதை அல்ல, கேக் செய்கிற தன்னைப் படம் எடுப்பாள்.

பையனும் மாணவன், நானும் மாணவி. முதலில் தினமும் போனில் பேசிக்கொண்டோம். பிறகு வாரம் ஒரு முறை. இப்போது நான் பத்து வரி எழுதினால் அவன் ஒரு கட்டைவிரல் அனுப்புகிறான். "சாப்பிட்டியா?" என்றால் கட்டைவிரல். "காய்ச்சல் விட்டதா?" என்றால் கட்டைவிரல். ஒரு தடவை "பரீட்சை எப்படி?" என்று கேட்டேன். கட்டைவிரல் கூட வரவில்லை. அதில் பதில் இருந்தது.

4

போன மாதம் கல்லூரியைப் பார்க்க வெளியாட்கள் வருகிற நாள். நாலு பேர் கொண்ட குழு ஒவ்வொன்றும் நாற்பது பேருக்கு இனிப்பு மேசை வைக்க வேண்டும். எங்கள் குழுவில் நான், ஷாமினி, வெய் ஜியே என்ற சீனப் பையன், ஆயிஷா என்ற மலாய்ப் பெண். ஆயிஷா நல்ல பிள்ளை, ஆனால் அன்று காய்ச்சலோடு வந்து பத்து மணிக்குப் போய்விட்டாள். வெய் ஜியே முந்தின நாள் முழுக்க ஏதோ கம்ப்யூட்டர் விளையாட்டுப் போட்டியாம், ஸ்டோரில் மாவு மூட்டை மேல் படுத்துவிட்டான். ஷாமினி வீடியோ.

நான் க்ரோஸான்ட் செய்தேன். மாவுக்குள் வெண்ணெயை வைத்து மடித்து, தேய்த்து, ஆற வைத்து, மறுபடி மடித்து, இருபத்தேழு அடுக்கு. உள்ளே செஃப் சொன்ன சாக்லேட்டை வைக்கவில்லை. எங்கள் கடைத் தேங்காய் பன்னுக்கு நான் தினமும் கிளறுகிற பூரணத்தையே வைத்தேன். தேங்காய், சர்க்கரை, ஏலக்காய், டூட்டி ஃப்ரூட்டி. அதோடு இரண்டு வகை டார்ட், கப்பில் ஒரு புட்டிங். இரண்டு மணிக்கு மேசை காலி.

மாலையில் ஒரு படிவம் கொடுத்தார்கள். குழுவில் ஒவ்வொருவரும் எவ்வளவு வேலை செய்தார்கள் என்று இருபதுக்கு மார்க் போட வேண்டும். தனக்கும் போட்டுக்கொள்ள வேண்டும். கீழே, 'உங்கள் பங்கு என்ன?' என்று மூன்று கோடு.

ஷாமினிக்கு இருபது போட்டேன். வெய் ஜியேவுக்கு இருபது. ஆயிஷா காய்ச்சலோடு வந்ததால் அவளுக்கும் இருபது. எனக்கு நாலு போட்டேன். மூன்று கோட்டில், 'கொஞ்சம் உதவி செய்தேன்' என்று இங்கிலீஷில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

இதில் என்ன தப்பு என்று உங்களுக்குத் தோன்றாது. எனக்கும் தோன்றவில்லை. நம் ஊரில் நல்ல புடவை என்று யாராவது சொன்னால், "இது பழசுங்க" என்கிறோம். விருந்துக்குக் கூப்பிட்டு ஒன்பது வகை வைத்துவிட்டு, "ஏதோ இருந்ததை வெச்சேன்" என்கிறோம். என்னைப் பெண் பார்க்க வந்த அன்று, நான் செய்த கேசரியை வந்தவர்கள் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். என் அம்மா, "ஏதோ சுமாரா செய்வா" என்றார். என் மாமியாருக்கு உடனே பிடித்துவிட்டது. "ரொம்ப நல்லா செய்வா" என்று சொல்லியிருந்தால்தான் சந்தேகப்பட்டு எழுந்து போயிருப்பார்.

படிவத்துக்கு மாமியாரின் அறிவு இல்லை. அது கூட்டிப் பார்த்தது. தன் பங்கு கால்வாசிக்கும் கீழே என்று ஒருவர் தானே எழுதிக் கையெழுத்திட்டால், அவர் அந்த வேலையில் கலந்துகொள்ளவில்லை என்று கணக்காம். ஃபெயில். மறுபடி எழுத ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். என் ஸ்டூடண்ட் பாஸ் முடிய ஆறு வாரம் இருந்தது.

5

வெளிநாட்டு மாணவர் பிரிவு அதிகாரி இப்போதும் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான்தான் சிரிக்கவில்லை.

எங்கள் செஃப்பிடம் போனேன். செஃப் லிம். ஒல்லியாக, உயரமாக, முகத்தில் எதுவும் தெரியாத மனிதர். வாய்க்குள் கேக்கை வைத்தால் பிடித்திருக்கிறதா இல்லையா என்று அவர் பல்லுக்கு மட்டும்தான் தெரியும். என் படிவத்தை என் முன்னால் வைத்தார்.

"இது யார் கையெழுத்து?"

"என்னுடையது, செஃப்."

"யாராவது மிரட்டி எழுத வைத்தார்களா?"

"இல்லை, செஃப்."

"அப்புறம் நான் என்ன செய்ய? நீங்களே நீங்கள் வேலை செய்யவில்லை என்கிறீர்கள்."

எங்கள் ஊர் வழக்கத்தை விளக்கப் பார்த்தேன். என் இங்கிலீஷில் அது, எங்கள் ஊரில் எல்லோரும் பொய் சொல்வோம் என்கிற மாதிரி வந்தது. அவர் படிவத்தை மடித்து ஓரமாக வைத்தார். மேல்முறையீடு செய்யலாம் என்றார். மூன்று பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஐந்து நிமிஷம், நான் செய்த வேலையைப் பற்றி நானே பேச வேண்டும். நன்றாகச் செய்தேன் என்று அவர்கள் நம்ப வேண்டும்.

அதைவிட ஃபெயில் பரவாயில்லை என்று ரயிலில் வரும்போது நினைத்தேன். பிறகு வேட்டி சுற்றிய போர்டு ஞாபகம் வந்தது.

பையனுக்கு எழுதினேன். ஒரு வருஷத்தில் முதல் தடவையாக அவனே போன் செய்தான்.

"அம்மா, உனக்கும் அரியரா? வா, வா. நம்ம சங்கத்துக்கு வா."

"சிரிக்காதடா. உனக்கு எத்தனை?"

"அத அப்புறம் பேசலாம். இப்ப உன்ற பிரச்சினையைப் பாப்போம். இன்டர்வியூவுக்கெல்லாம் நாங்க எப்படிப் பேசறோம் தெரியுமா? கண்ணாடியப் பாத்து, நான்தான் பெஸ்ட்டுன்னு பத்து தடவ சொல்லணும்."

"உனக்கு வேலை கிடைச்சுதா?"

"இன்னும் இல்ல."

அரை மணி நேரம் பேசினான். ஃபெயில் ஆனதில் எனக்குக் கிடைத்த லாபம் அது.

6

பாக்கியம் அக்கா விஷயத்தைக் கேட்டதும் ஹாலில் இருந்த நாற்காலிகளை ஓரமாகத் தள்ளினார். என்னை பிரிட்ஜைப் பார்த்து நிற்க வைத்தார். பிரிட்ஜ்தான் அந்த மூன்று பேராம்.

"ம்ம், பேசு."

"அன்னைக்கு நான் க்ரோஸான்ட் கொஞ்சம்..."

"கொஞ்சமா? எத்தன?"

"எண்பது."

"எண்பது கொஞ்சமா உனக்கு? மொதல்லேருந்து!"

"நான் எண்பது க்ரோஸான்ட் செஞ்சேன். ஏதோ சுமாரா வந்துச்சு."

அக்கா ஒரு சட்டம் போட்டார். 'சுமாரா', 'ஏதோ', 'கொஞ்சம்' என்று சொல்லும் ஒவ்வொரு தடவைக்கும் ஒரு பாத்திரம் கழுவ வேண்டும். அரை மணி நேரத்தில் தொட்டியில் இருந்தவை முடிந்தன. ஒரு மணி நேரத்தில் அலமாரியில் கழுவி வைத்திருந்தவற்றையும் எடுத்துக் கொடுத்தார். தீபாவளிக்கு மட்டும் எடுக்கிற முறுக்கு அச்சு வரை போனோம்.

"ஏக்கா, வாய் வரமாட்டேங்குதே. தன்னைத்தானே புகழ்ந்துக்கிட்டா ஒரு மாதிரி இருக்கு."

"ஒரு மாதிரிதான் இருக்கும். ஊருக்குத் திரும்பிப் போனா அது எப்படி இருக்கும்? அத யோசி."

அன்று ராத்திரி வீட்டுக்காரரிடம் சொன்னேன். அதுவரை மறைத்திருந்தேன். அவர் திட்டவில்லை. பின்னால் அடுப்புச் சத்தம் கேட்டது.

"அம்மிணி, அவங்ககிட்ட என்னதான் சொல்லோணுமாம்?"

"நான் நல்லா செய்வேன்னு சொல்லோணுமாங்."

"அதச் சொல்ல என்ன?"

"நீங்க எப்பவாவது சொல்லியிருக்கீங்களா?"

அந்தப் பக்கம் அடுப்புக் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"நாலு மணிக்கெல்லாம் தேங்கா பன் தீந்துருச்சுன்னு தெனம் சொல்லுவனே," என்றார்.

யோசித்துப் பார்த்தேன். ஆமாம், இருபத்து மூன்று வருஷமாகத் தினம் சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான் அவர் அகராதியில் இருக்கிறது போல.

மறுநாள் வகுப்பு முடிந்து, கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையம் வரை ஷாமினியோடு வந்தேன். அவள் இருபதுக்குப் பத்தொன்பது தனக்குப் போட்டிருந்தாள். அதற்கு வெட்கப்படவும் இல்லை.

"ஏன் ஆன்டி நாலு போட்டீங்க? எனக்கு வேற இருபது. நான் அன்னைக்கி ஒன்னுமே செய்யல, ஆன்டி."

"பின்ன பத்தொன்பது போட்டியே?"

"ஒரு மார்க் கொறச்சேன்தானே?"

கிள்ளான் ரயில் வர நேரம் இருந்தது. நடைமேடையில் உட்கார்ந்து, அன்று எடுத்த வீடியோக்களைக் காட்டினாள். எல்லாவற்றிலும் அவள் முகம்தான். மாவோடு ஷாமினி, முட்டையோடு ஷாமினி, ஒன்றுமே இல்லாமல் ஷாமினி. ஆனால் ஒவ்வொன்றிலும் அவள் காதுக்குப் பின்னால் ஒரு வெள்ளைத் தொப்பி குனிந்திருந்தது. காலை ஏழு, ஒன்பது, பதினொன்று. தொப்பி நகரவே இல்லை.

"ஆன்டி, இது நீங்கதானே? அய்யோ, என் வீடியோ எல்லாத்தயும் கெடுத்து வச்சிருக்கீங்க."

கடைசி வீடியோவில் மேசையைச் சுற்றிக் கூட்டம். ஷாமினி உதட்டைக் குவித்துக்கொண்டிருக்கிறாள். பின்னால் செஃப் லிம் வருகிறார், என் க்ரோஸான்ட் ஒன்றை எடுக்கிறார். போகிறார். திரும்பி வந்து இன்னொன்று. மூன்றாவதை எடுக்கும்போது இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு எடுக்கிறார்.

அதை நாங்கள் நாலு தடவை போட்டுப் பார்த்தோம். கிள்ளான் ரயில் போய்விட்டது.

7

மூன்று பேர் இருந்தார்கள். துறைத் தலைவி, சிரிக்கிற அதிகாரி, செஃப் லிம். வீடியோக்களை அனுப்பி வைத்திருந்தேன். துறைத் தலைவி பார்த்திருந்தார். அன்று நான் அங்கே இருந்தது தெரிகிறது, எவ்வளவு நன்றாகச் செய்தேன் என்பதை நானே சொல்ல வேண்டும் என்றார்.

பிரிட்ஜிடம் சொன்னதெல்லாம் மறந்துவிட்டது. கை, புடவையில் இல்லாத மாவைத் துடைத்துக்கொண்டிருந்தது. எத்தனை மணிக்கு வந்தேன், எத்தனை செய்தேன், வெண்ணெய் எவ்வளவு என்று ஒப்பித்தேன். குரல் எனக்கே கேட்கவில்லை. கடைசியில், மேசை இரண்டு மணிக்குத் தீர்ந்துவிட்டது என்றேன். எங்கள் வீட்டில் இதற்கு மேல் பாராட்டு கிடையாது. அவர்கள் மேலே ஏதோ வரும் என்று காத்திருந்தார்கள்.

"சரி, நன்றாக இருந்ததா?" என்றார் துறைத் தலைவி.

"ஏதோ..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன். பாக்கியம் அக்காவின் முறுக்கு அச்சு கண்ணுக்கு முன்னால் வந்தது. அதற்குப் பதிலாகச் சொல்ல வேறு வார்த்தை வரவில்லை.

செஃப் லிம் பேனாவை மூடினார். "எனக்கு என்னமோ அந்த க்ரோஸான்ட் சுமார்தான் என்று தோன்றியது," என்றார்.

எனக்குள் என்ன ஆனது என்று தெரியவில்லை. என் பண்டத்தைச் சுமார் என்று நான் சொல்லலாம். என் அம்மா சொல்லலாம். இன்னொரு மனிதர் எப்படிச் சொல்லலாம்?

"நோ, செஃப்!" என்றேன். என் குரல் அவ்வளவு சத்தமாக வரும் என்று எனக்குத் தெரியாது. "சுமார் இல்லை. இருபத்தேழு அடுக்கு. ஒன்றுகூட ஒட்டவில்லை, வெண்ணெய் வெளியே வழியவில்லை. வகுப்பில் வேறு யாருக்கும் அப்படி வரவில்லை. அந்தப் பூரணம் உடுமலையில் நாலு மணிக்குத் தீர்ந்துவிடும். நீங்களே மூன்று சாப்பிட்டீர்கள், செஃப். மூன்றாவதை யாருக்கும் தெரியாமல் எடுத்தீர்கள். வீடியோவில் இருக்கிறது."

அதிகாரி சிரிப்பதை நிறுத்திவிட்டார். துறைத் தலைவி சிரிக்க ஆரம்பித்தார். செஃப் லிம்மின் முகத்தில் எப்போதும் போல ஒன்றும் இல்லை. காது மட்டும் சிவந்திருந்தது.

"உங்களுக்கு நீங்கள் இப்போது எத்தனை மார்க் போடுவீர்கள்?" என்றார்.

"பதினெட்டு."

"ஏன் இருபது இல்லை?"

"டார்ட் இரண்டு கருகியது."

அவர் பேனாவைத் திறந்து ஏதோ எழுதினார். என்னைப் போகச் சொன்னார்கள்.

மறுநாள் காலை பாஸ் என்று செய்தி வந்தது. வீட்டுக்காரருக்குச் சொன்னேன், "அப்படியா" என்றார். பையன் கட்டைவிரல் அனுப்பினான். வகுப்பில் அன்று நான் பிசைந்த ரொட்டி மாவு மதியம் வரை பொங்கவில்லை, ஈஸ்ட் போட மறந்திருந்தேன். அன்றைய பயிற்சித் தாளிலும் தனக்குத் தானே இருபதுக்கு மார்க் போட இடம் இருந்தது; எனக்கு நானே நாலு மார்க் போட்டேன். அது சரியான மார்க்.